பூட்டோடு பூட்டு

சங்கிலியை இழுத்துப் பூட்டும்போதும் கொரின் பேச்சை நிறுத்தவில்லை.

"மேற்குச் சரிவையும் சேத்துட்டா மலையைச் சுத்தி ஒரு பட்டை மாதிரி ஆயிடும், லெலண்ட். தீ எந்தப் பக்கம் வந்தாலும் மரத்து மேல ஏறாது, தரையிலயே படுத்துரும். வெண்டல் மட்டும் சரின்னு சொல்லட்டும், மத்தவங்க எல்லாம் தானா வந்து நிப்பாங்க. நான் பேசிக்கறேன், என்கிட்ட விடுங்க."

லெலண்ட் மாநில வனத்துறைக்காரர். மானியத்தில் நடந்த வேலையைப் பார்க்க வந்தவர். கேட்டுக்கு வெளியே கார் எஞ்சினை ஓடவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுத்தமா ஒரு தனியார் காட்டை நான் பாத்ததே இல்ல. அந்தக் கிழவர் இதையெல்லாம் தனியாவா வெட்டினாரு?"

"தனியாத்தான்! ஆள் வெச்சுக்கோங்கன்னேன். என் மரத்தை எவனும் தொடக் கூடாதுன்னுட்டாரு."

"அடுத்த கட்டத்துக்கு அவரோட கையெழுத்தை சீக்கிரம் வாங்கிடு. இந்த வருஷம் பணம் கேக்கறவங்க ஜாஸ்தி."

"இன்னிக்கே வாங்கறேன், பாருங்க!"

பூட்டைச் சுற்றியிருந்த இரும்புப் பெட்டிக்குள் அவள் கை போயிருந்தது. விரலில் எதுவோ சிக்கியது, மாட்டினாள், அழுத்தினாள், 'டக்' என்றது. கையை வெளியே எடுத்து ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, அவர் கார் மறையும்வரை கையாட்டினாள். பிறகு பாதி ஓட்டமாகத் தன் பிக்கப்பில் ஏறிப் பள்ளத்தாக்குக்கு இறங்கினாள்.

டட்டன் பள்ளத்தாக்குக்கு உள்ளே வர ஒரே ஒரு சாலைதான். ஓரிகனின் தெற்கு மூலையில், இரண்டு மலைகளுக்கு நடுவில், ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து வரும் சாலை. கீழே அதன் வாயில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி. வெளியேற இன்னொரு வழி உண்டு. அந்தக் காலத்தில் மரம் ஏற்றிய லாரிகள் போன மண்பாதை. அது நேராக மேலே ஏறி, வெண்டல் ஹாஸ்கின்ஸின் காட்டுக்குள் புகுந்து, மலை உச்சியில் அவர் கேட் வழியாக நெடுஞ்சாலையில் சேரும். ஆனால் பாதையின் இரண்டு பக்கமும் ஃபிர் மரங்கள் தீக்குச்சிக் கட்டு மாதிரி நெருங்கி நின்றன. தீ வரும்போது அதற்குள் காரை விடுவதும் ஒன்றுதான், வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான்.

கொரின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சும்மா உட்காரத் தெரியாதவள். பக்கத்து ஊர் எரிந்த வருஷம் எங்கிருந்தோ இந்த மானியத்தைத் தோண்டி எடுத்தாள். தனியார் காட்டில் மரங்களின் நெருக்கத்தைக் குறைத்து, கீழ்க்கிளைகளைக் கழித்து, பாதையை அகலப்படுத்தினால் செலவில் முக்கால் பங்கு அரசு தரும். மீதிக் கால் பங்கை உரிமையாளர் உடல் உழைப்பாகவும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: ஆபத்து நேரத்தில் அந்தப் பாதை எல்லோருக்கும் திறக்க வேண்டும்.

வெண்டல் அந்தக் கடைசி வரியில்தான் நின்றார்.

"கேட்டைத் திறந்து போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் பொண்ணே. தேவதாருவை வெட்டி ஏத்திட்டுப் போனாங்க. ஓட்டை ஃபிரிட்ஜைக் கொண்டாந்து கொட்டினாங்க. ஓப்பலோட கோவேறு கழுதையை மான்னு நெனச்சு சுட்டானுங்க. அது மேல செவப்புப் போர்வை வேற போட்டிருந்தோம்!"

"செவப்பு மானுன்னு நெனச்சிருப்பான்," என்றாள் ஓப்பல் உள்ளேயிருந்து. ஓப்பல் அவர் அக்கா. ஒரு பக்கம் கை கால் விழுந்தபின் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பாள், வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "கையெழுத்தைப் போட்டுத் தொலையேன்டா. இந்தப் பொண்ணு கொண்டு வர்ற பெர்ரி கேக்கைத் தின்னே நான் செத்துருவேன் போலிருக்கு."

குளிர்காலம் முழுக்க கொரின் அந்த வீட்டுக்கு ஏறி ஏறி இறங்கினாள். கடைசியில் வழி செய்தது பூட்டுகள்தான். கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். ஆனால் சங்கிலியின் இரண்டு முனைக்கும் நடுவில் நாலு பூட்டு. வெண்டலுடையது, தீயணைப்பு நிலையத்துடையது, மின்சாரக் கம்பெனியுடையது, பள்ளத்தாக்குக்காரர்களுடையது. ஒன்றின் வளையத்துக்குள் இன்னொன்று, பூட்டோடு பூட்டு. எவர் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விட்டுப்போகும். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில், இரண்டு பக்கத்துப் பூட்டோடும் சேர்த்து மாட்ட வேண்டும். யாராவது அவசரத்தில் தன் பூட்டை நேராகச் சங்கிலியின் இரண்டு முனையிலும் மாட்டிவிட்டால் மற்ற மூன்றும் வெறுமனே தொங்கும். அவற்றைத் திறந்தாலும் ஒன்றும் நடக்காது.

எவனும் அறுக்காமலிருக்க வெண்டல் அதைச் சுற்றி ஒரு இரும்புப் பெட்டி பற்றவைத்தார். கீழேயிருந்து கையை விட்டுத் தடவித்தான் திறக்க முடியும். அதனால் கொரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரையே கேட்டுக்குக் கூட்டிவந்து பழக்கினாள். "இடது பூட்டு எங்க, வலது பூட்டு எங்க. விரலால தேடுங்க. ரெண்டும் கிடைச்சப்புறம்தான் அழுத்தணும்." ஆடு வளர்க்கிற டக்கர் இரண்டு தடவை தப்பாக மாட்டினான். "டக்கர், உன் ஆட்டுக்குக் கத்துக் கொடுத்திருந்தா இந்நேரம் பாஸாயிருக்கும்," என்றாள். ஊரே சிரித்தது.

வெண்டல் சிரிக்கவில்லை. "என் நிலத்துல என் சாவி வேலை செய்யணும்," என்றார். "நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

"அதுக்கு நான் கேரண்டி," என்றாள் கொரின்.

லெலண்ட் போன அன்று மதியம் கிழக்குக் காற்று எழுந்தது. கீழே நெடுஞ்சாலை முக்கில் ஏதோ ஒரு ட்ரெய்லரின் சங்கிலி தார் ரோட்டில் உரசிக்கொண்டே போய், ஓரப்புல்லில் பொறி விழுந்திருக்கிறது. போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. கொரின் வெளியே வந்து பார்த்தபோது பள்ளத்தாக்கின் வாய் இருந்த இடத்தில் வெறும் பழுப்புப் புகைதான் இருந்தது.

"மேல! எல்லாரும் மேல!" தெருத் தெருவாக ஹார்ன் அடித்துக்கொண்டே போனாள். இதற்காகத்தானே இரண்டு வருஷம். கார்கள் பின்னால் வரிசை கட்டின. டக்கர் கடைசியில், ட்ரெய்லர் நிறைய ஆடுகளோடு.

வெண்டலின் காட்டுக்குள் நுழைந்ததும் புகைக்கு நடுவிலும் அவளுக்கு நெஞ்சு விம்மியது. மரங்கள் விலகி விலகி நின்றன, கீழ்க்கிளை ஒன்றில்லை. பாதை கோயில் பிராகாரம் மாதிரி சுத்தமாகக் கிடந்தது. வெண்டல் வீட்டுக்குப் பிரியும் வளைவில் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தாள். அவர் எப்போதும் வண்டி நிறுத்தும் ஓக் மரத்தடி காலி. அப்பாடா, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். பின்னால் ஹார்ன்கள் அலறின. மேலே ஏறினாள்.

உச்சியில் கேட் மூடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி. ரெண்டு பேர் இரும்புப் பெட்டியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள், பொறி பறந்தது. ஓரமாக வெண்டலின் பிக்கப், கதவு ஆவென்று திறந்தபடி, உள்ளே ஆள் இல்லாமல்.

தீயணைப்புக் கேப்டன் எஸ்பினோஸா ஓடிவந்தார். "சாவி இருக்கா? உன்கிட்ட சாவி இருக்கா?"

"இருக்கு. ஏன், உங்களுது என்னாச்சு?"

"திறக்குது, ஆனா சங்கிலி விட மாட்டேங்குது. வெண்டலோடதும் அப்படித்தான். எவனோ எல்லாத்தையும் தாண்டி மாட்டித் தொலைச்சிருக்கான்."

"வெண்டல் எங்க?"

"உள்ள. காலைல சீக்கிரமே டவுனுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாராம். அக்கா வீட்ல தனியா இருக்காங்க. கேட்டைப் போட்டு அடிச்சாரு, உதைச்சாரு, அப்புறம் ஏறிக் குதிச்சு, குறுக்கு வழியில காட்டுக்குள்ள ஓடிட்டாரு. வலிக்கிற அந்த இடுப்பை வெச்சுக்கிட்டு!"

டக்கர் பின்னாலிருந்து ஓடிவந்து சேர்ந்தான். "எந்த முட்டாப்பய வேலை இது? எவன்டா கடைசியா போனான்?"

கொரின் பெட்டிக்குள் கையை விட்டாள். வெண்டலின் பூட்டு வாய் திறந்து தொங்கியது. சாவி அதிலேயே இருந்தது, சாவிக்கொத்தில் மான்கொம்புத் துண்டு. அதன் பக்கத்தில் தீயணைப்புப் பூட்டு, அதுவும் திறந்து. இரண்டு சங்கிலி முனையையும் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே பூட்டு. அதன் அடியில், பள்ளத்தாக்குக்காரர்களின் பூட்டு என்று தெரிய அவளே ஒட்டிய டேப் விரலில் சொரசொரத்தது.

சாவியை ஒரு திருப்புத் திருப்பினாள். சங்கிலி சரசரவென்று காலடியில் விழுந்தது.

டக்கர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு புகையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

"வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லு!" என்று கத்தினார் எஸ்பினோஸா. தீயணைப்பு வண்டி உரசிக்கொண்டே கீழே இறங்கியது. கொரின் அதன் படியில் தொற்றப் பார்த்தாள். அவர் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். "உன்னையும் சேத்துத் தேட எனக்கு ஆள் இல்ல. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. காத்துல சாத்திக்கும்."

நின்றாள். கார்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. ஜன்னல்கள் இறங்கின.

"நீ இல்லேன்னா இன்னிக்கு நாங்க கரிதான், கொரின்!"

"அந்தக் கிழவன்கிட்ட சண்டை போட்டு நீ வழி வாங்கினதாலதானே..."

ஒருத்தி கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். வாயைத் திறந்தால் புகைதான் உள்ளே போனது.

டக்கர் கடைசியாக வந்து வண்டியை நிறுத்தினான். ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. "நான் எதையும் பாக்கல," என்றான், அவளைப் பார்க்காமலே. "சரியா? இந்தக் காத்துக்கு என்ன வேணா ஆகியிருக்கும்."

"காத்து பூட்டு மாட்டுமா, டக்கர்?"

அவன் வண்டியைக் கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அவளோடு சேர்ந்து கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

கீழே காடு இரைந்தது. மேற்குச் சரிவில், இன்னும் யாரும் தொடாத பக்கத்தில், மரங்கள் உச்சியிலிருந்து உச்சிக்குக் கொளுத்திக்கொண்டு தாவின. இந்தப் பக்கம், வெண்டல் வெட்டிய பக்கம், தீ மரத்திலிருந்து இறங்கி முழங்கால் உயரத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் சொன்னபடியேதான். படம் போட்டு ஊருக்கெல்லாம் விளக்கியபடியே. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

தீயணைப்பு வண்டி திரும்பி வந்தது. முன் இருக்கையில் ஓப்பல், போர்வைக்குள் சின்னப் பொட்டலம் மாதிரி. பின்படியில் வெண்டல். புருவம் பொசுங்கியிருந்தது. ஒரு கையை ஈரத்துணியில் சுற்றியிருந்தார்கள்.

"தள்ளுவண்டியில போட்டு உருட்டிட்டு வந்தான்," என்றாள் ஓப்பல், யாரும் கேட்காமலே. "உரம் ஏத்தற வண்டி. எனக்கு அதுதான் லாயக்குன்னு எப்பவுமே நெனப்பு அவனுக்கு."

"பாதையிலதான் நின்னுட்டிருந்தாங்க," என்றார் எஸ்பினோஸா. "வெட்டின இடத்துல. ரெண்டு பக்கமும் எரிஞ்சது, ஆனா கிட்ட வரல. அது இல்லேன்னா..." நிறுத்திக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "வீட்டை விட்டுட்டோம். நாங்க போறப்பவே கூரை பிடிச்சிருச்சு. வந்த உடனே உள்ள விட்டிருந்தா நிறுத்தியிருக்கலாம்."

வெண்டல் மெதுவாக இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சங்கிலியிடம் வந்தார். தன் பூட்டைக் கழற்றினார். சாவியோடு உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னிக்குக் கடைசியா இதுல யாரு போனா?"

"வெண்டல், காத்து ரொம்ப..." என்று டக்கர் ஆரம்பித்தான்.

"நான்தான்," என்றாள் கொரின். "காலைல. லெலண்டை அனுப்பிட்டு நான்தான் பூட்டினேன்."

"விரலால தேடினியா? இடது, வலது?"

"இல்ல."

"பேசிட்டு இருந்தே."

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். முதலிலிருந்தே தெரிந்த ஒன்றை இப்போது காதால் கேட்ட மாதிரி.

"என்ன பேசிட்டு இருந்தே?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "உங்க கையெழுத்தைப் பத்தி," என்றாள். "மேற்குச் சரிவுக்கு. இன்னிக்கே வாங்கறேன்னு அவருகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

வெண்டல் மேற்குச் சரிவைப் பார்த்தார். அங்கே கையெழுத்துப் போட இனி ஒன்றும் மிச்சமில்லை. பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வெண்டல், நான்..."

"வேணாம் பொண்ணே. இப்ப பேசாதே."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்து போய்த் தன் பிக்கப்பின் திறந்த கதவை இன்னும் அகலத் தள்ளினார். எஸ்பினோஸாவும் அவருமாக ஓப்பலைத் தூக்கி உட்காரவைத்தார்கள். ஓப்பல் ஜன்னல் வழியாகக் கொரினைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"கேட் திறந்தே இருக்கணும்," என்றார் எஸ்பினோஸா. "இன்னும் மூணு நாலு வண்டி வரும்."

"திறந்தே கெடக்கட்டும்," என்றார் வெண்டல், ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து. "உள்ள என்ன இருக்கு, பூட்டறதுக்கு?"

பிக்கப் போனது. டக்கரும் ஆடுகளோடு கிளம்பினான். காற்று மறுபடி கேட்டைச் சாத்தப் பார்த்தது. சங்கிலியை வேலிக்கம்பத்தில் சுற்றிப் பூட்டிவிட்டால் கேட் அசையாமல் நிற்கும். பூட்டு அவள் காலடியில்தான் கிடந்தது. குனிந்தாள், தொடக் கை வரவில்லை. நெடுஞ்சாலையில் அடுத்த வண்டியின் சைரன் கேட்டது. கொரின் கேட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதில் முதுகைக் கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றாள்.