நடுரோட்டில் நிற்கும் டீக்கடை

டெல்லி மஹிபால்பூரில், ஜெய்ப்பூர் ரோட்டோரம் 1991-இல் நல்லசிவம் திறந்த டீக்கடையில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வர விரும்பாதவர்களும் வந்தார்கள். லாரித் தொழிலையே விட்டுவிட்டு ஊரில் கோழிப்பண்ணை வைத்த சங்ககிரி டிரைவர் ஒருவர், ஒரு காலையில் கையில் தீவனத்தோடு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ குடித்துவிட்டு ரயிலேறினார். 1996-இல் மஞ்சள் காமாலை முற்றி, நல்லசிவத்தை அவசரமாக ஆட்டோவில் ஏற்றினார்கள். அவர் மனைவி சாந்தகுமாரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினார். அதனால் அவர் திரும்பவில்லை. சாகிற மனுஷன் அந்த ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு வந்த ஆத்திரம் பிறகு தணியவேயில்லை.

அந்த ஆத்திரத்தோடுதான் கடையைத் தனியாக நடத்தினாள். 2002-இல் ரோட்டை எட்டு வழிச்சாலையாக்க என்ஜினீயர் கௌதமன் வந்தார். கரோல்பாகில் பிறந்து வளர்ந்த தமிழர். முதலில் டீயைக் குடித்தார், பிறகுதான் நோட்டீஸை எடுத்தார். அப்படிப்பட்ட ஆள். நோட்டீஸில் கடைக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர்.

"பதினோரு வருசமா போறவன் வாறவனுக்கெல்லாம் டீ ஊத்தறேன், நான் ஆக்கிரமிப்புங்களா? என்ற டீயவே குடிச்சுப்போட்டு நோட்டீசு நீட்டறீங்களே, கூச்சமா இல்லீங்களா?"

"ஊப்பர் ஸே ஆர்டர் அக்கா, மேலேருந்து வந்தது. நான் என்ன பண்றது?" என்றவர், ஃபைலை மூடிக்கொண்டு, வீட்டில் பழக்கியிருந்த பழக்கத்தில், "போயிட்டு வர்றேன் அக்கா" என்றார். பெஞ்சிலிருந்த டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் புல்டோசர் வந்து பாய்லர், பெஞ்ச், நல்லசிவத்தின் படம் எல்லாவற்றையும் வாரித் தள்ளியது. அதற்கடுத்த நாள் பதினோரு மணிக்கு, ஆபீஸுக்குக் கிளம்பிய கௌதமன் இடிபாட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். தினமும் நின்றார். கௌஹாத்திக்கு மாற்றினார்கள், அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே நின்றார். சாந்தகுமாரி ஒரு ஸ்டவ்வோடு வந்து, அவரை முறைத்தபடி டீ போட்டாள். நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் தினமும் நினைப்பார். கிளாஸை வைத்ததும் வார்த்தை தானாக வந்துவிடும். ரோடு தயாரானபோது அந்த இடம் நடு லேனில் வந்தது. பாயும் வண்டிகளுக்கு நடுவே ஓர் அரசாங்க என்ஜினீயர் தினமும் நிற்க, ஆபீஸில் வேறு வழி தெரியாமல் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள், கடைக்காக ஒரு அடி விடாதவர்கள். கம்பிக்குள் சாந்தகுமாரி மறுபடி கடை வைத்தாள். அவர் வருவது நின்றால் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

2007-இல் ஒரு நாள் கௌதமன் ஜெயித்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கம்பியைத் தாண்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் சாந்தகுமாரிக்குக் கடை, கம்பி எதுவும் நினைவில் இல்லை. கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"சொல்லிப்போட்டுப் போய்யா!"

அவள் அழுது அவர் பார்த்ததில்லை. வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. "போயிட்டு வர்றேன் அக்கா" என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவருக்கான டீ ஆறிக்கொண்டிருந்தது. அஞ்சு நிமிஷம் லேட் என்று, வந்து நின்றவரைச் சாந்தகுமாரி திட்டினாள்.