பின்பக்கக் கையெழுத்து

லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் தனசீலன் ஏணிப்படி இறங்கியபோதுதான் கீழ்வீட்டு ஏஞ்சலம்மாள் செக்கை நீட்டினாள். செத்துப்போன அவள் புருஷன் வேலை பார்த்த தோல் பட்டறை முதலாளி அவள் பெயருக்குக் கொடுத்தது. குறுக்குக் கோடு போடாதது; பேங்கில் நீட்டினால் கையில் பணமாகவே தருவார்கள். கல்யாண் ஊரில் சித்தி வீட்டிலிருந்த மகள் ஸ்வீட்டிக்கு நர்சிங் கல்லூரியில் கட்டவேண்டிய பணம்.

"அண்ணாச்சி, முட்டு வீங்கிக் கெடக்கு, பேங்குக்குப் போவ முடியல. இத ஸ்வீட்டி பேருக்கு மாத்தி டென்சில்கிட்ட குடுத்து விட்டா சரியா வருமா?"

டென்சில் அவள் அண்ணன் மகன்.

"பின்னால ஒரு கையெழுத்துப் போடு, போதும்" என்றபடி தனசீலன் நடந்தார்.

ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்ப்பவர் அவர். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால், செக் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே பணம். கையெழுத்துக்கு மேலே 'ஸ்வீட்டிக்குக் கொடுக்கவும்' என்று எழுதினால் வேறு ஆள் வாங்க முடியாது. இரண்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

டென்சில் கல்யாணுக்குப் போகவே இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு தலைமறைவாகிவிட்டான். போலீசில் எழுதிக் கொடுத்தும் ஆள் அகப்படவில்லை. கல்லூரி இடமும் போயிற்று. ஸ்வீட்டி தாராவிக்குத் திரும்பி, சயானில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பயலை நம்பிக் கொடுத்தாளே என்று தாயோடு பேச்சை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி நல்லதுதான் சொன்னாவ. எந்தலையெழுத்து" என்று ஏஞ்சலம்மாள் குழாயடியில் சொன்னது தனசீலன் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வாசலில் போய் நின்றார்.

"ஏஞ்சலு, தப்பு எம்மேல. மக பேரையும் எழுதச் சொல்லிருந்தா அவனால ஒரு பைசா எடுத்திருக்க முடியாது. தெரிஞ்சும் சொல்லாம போயிட்டேன்."

அவள் வீங்கிய காலை நீட்டி வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவகிட்ட சொல்லுங்க. நான் உங்களக் கேட்டுத்தான் செஞ்சேன்னு அவளுக்குத் தெரியட்டும்."

உள்ளேயிருந்து ஸ்வீட்டி வந்தாள். தன் மகள் வயதுப் பெண்ணின் முன்னால் அதையே மறுபடி சொன்னார்.

"ஒரு லைன்தானே அங்கிள்?" என்றாள் அவள்.

அவள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க என்னையப் பேச விட்ட?"

ஸ்வீட்டி தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய முட்டியின்மேல் கை வைத்தாள். தனசீலனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மெல்ல மேலே ஏறிப் போனார்.