துவைக்காத மூட்டை

விடியுமுன்னே பாய்லர் சீறத் தொடங்கிவிடும். சலவைக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். சோப்புக் காரத்தில் பெண்களின் விரலிடுக்குகள் வெந்து, தோல் சருகாய் உரிந்திருக்கும். ஊறிய கம்பளி ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், தூக்குவதோ ஒருத்தி. போன மாதம்தான் மூன்று பேரை நிறுத்திவிட்டு, அவர்கள் வேலையையும் இருப்பவர்கள் தலையில் கட்டியிருந்தார் முதலாளி.

குறியக்காவுக்கு வாசலோரம் வேலை. வருகிற துணியின் கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலால் குறி தைப்பாள், கறை போக்குவதும் அவள்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு கோடு. காவலர் முகாமுக்கு இரண்டு கோடு. கல்லூரி விடுதிக்கு ஒரு கூட்டல் குறியும் மாணவனின் எண்ணும். இருபது வருஷத்தில் அவள் கையில் ஒரு கைக்குட்டைகூட மாறிப்போனதில்லை.

அன்று முகாம் மூட்டை வந்து இறங்கிய சற்று நேரத்தில், தெருவில் ஒரு பஸ் இருமிக்கொண்டு வந்து நின்றது.

"வந்துட்டாங்க" என்றார் பாய்லர் அண்ணன்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. கட்டண உயர்வை எதிர்த்து ஊர்வலம் போன விடுதிப் பிள்ளைகள் பதினேழு பேரைக் காவலர்கள் லாரியில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை. முகாமில் கேட்டால், "இங்க யாரையும் கொண்டுவரல" என்ற ஒரே பதில். பெற்றவர்கள் ஒரு பழைய பஸ்ஸைப் பிடித்து நாற்பது நாளாக ஊர் ஊராய் நியாயம் கேட்டுவிட்டு, பிள்ளைகள் தொலைந்த ஊருக்கே திரும்பியிருந்தார்கள்.

முதலாளி கதவை இழுத்துச் சாத்தினார். "ஒருத்தரும் வெளிய தலை காட்டக் கூடாது. முகாம் துணிதான் நமக்குச் சோறு போடுது."

"கதவைச் சாத்தினா உள்ள நாங்களே வெந்துடுவோம் முதலாளி" என்றார் பாய்லர் அண்ணன். "அப்புறம் எங்களையும் பிழிஞ்சு காயப் போடணும்."

முணுமுணுத்தபடி ஒரு முழம் திறந்து விட்டுப் போனார் முதலாளி. அந்த இடைவெளியில்தான் அந்த அம்மா வந்து நின்றாள். கையில் காலிக் குடம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய மகனின் படம்.

"பஸ்ஸு கொதிச்சுப் போச்சும்மா. ஒரு குடம் தண்ணி குடுப்பீங்களா?"

குறியக்கா குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள். அந்த அம்மா கொடியில் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். "என் பிள்ளை துணியும் இங்கதான் வரும்னு சொல்லுவான். விடுதியில அவன் நம்பர் பதினொண்ணு."

குடம் நிரம்பி வழிந்தது. குறியக்கா குழாயை மூடவில்லை. நாற்பது நாளாகச் சுவரோர அடுக்கைப் பார்க்காமலே நடக்கப் பழகியிருந்தவள், இப்போது நேராக அங்கே போனாள். அடியிலிருந்து மடித்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து, கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். கூட்டல் குறி. பதினொன்று.

"பிள்ளைங்க காணாமப் போன நாலாம் நாள் வந்துச்சும்மா. முகாம் மூட்டையில."

அந்த அம்மா சட்டையை வாங்கி முகத்தில் வைத்து இழுத்து முகர்ந்தாள். பிறகு மெல்ல எடுத்தாள்.

"சோப்பு வாசனைதான் வருது" என்றாள்.

துவைத்துப் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன், கண்ணுகளா. இரத்தக் கறையில் வெந்நீர் பட்டால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் கசக்க வேண்டும். குறியக்காவின் கைக்கு அது பாடம். கை தன் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் மனசுக்கு உறைத்தது.

"தோள்ல கறை இருந்துச்சு. நான்தான் போக்கிட்டேன். சுத்தமாப் போச்சுன்னு சந்தோஷம்கூடப் பட்டேன்மா. அப்புறம் புரிஞ்சுது. வாயைத் திறக்கப் பயம்."

"எவ்வளவு கறை?"

"உள்ளங்கை அகலம்."

"அவ்வளவுதானே" என்றாள் அந்த அம்மா, சட்டையின் தோளைத் தடவியபடி. "அவ்வளவுதான்னா உசுரோட இருப்பான்."

முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார். "அதை இங்க குடு. கலந்து போச்சுன்னு சொல்லு, முடிஞ்சுது."

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன் முதலாளி. ஆனா அந்த நாலு நாளும் விடுதி பூட்டிக் கிடந்துச்சு. அங்கிருந்து ஒரு துணி வரல. எதோட எது கலக்கும்?"

"நீ ஒருத்தி சொன்னா எவன் நம்புவான்? போ, மூட்டையைப் பிரி."

குறியக்கா அன்றைய முகாம் மூட்டையைப் பார்த்தாள். "பிரிக்க மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம். ஆனா இனி துவைக்க மாட்டேன்."

"வேற யாராவது பிரிங்க."

யாரும் நகரவில்லை. தொட்டிக்காரி முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவ ஒருத்தி இல்ல. அந்தச் சட்டைக்கு உப்புக் கரைச்சது நான். நானும் கறையைப் பார்த்தேன்."

இஸ்திரிக்காரி தலை நிமிரவில்லை. "நான் தேய்ச்சேன். கழுத்துல குறி கைக்குத் தட்டுச்சு. தெரிஞ்சும் மடிச்சு வச்சேன்."

பாய்லர் அண்ணன் வால்வைத் திருகினார். சீறல் இறங்கி இறங்கி அடங்கியது.

"எல்லாரையும் நிறுத்திடுவேன்" என்றார் முதலாளி. குரல் தழைந்திருந்தது. "முகாமுக்குப் போன் போடறேன், இருங்க."

"இங்கதான் இருப்போம்" என்றாள் தொட்டிக்காரி.

பஸ்ஸில் வந்த வக்கீலம்மா சேதி கேட்டதும் நீதிமன்றத்துக்கு ஓடினாள். அங்கிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை மூட்டையை யாரும் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். குறியக்கா ஊசியில் சிவப்பு நூல் கோத்து, மூட்டையின் வாயைத் தைத்து மூடினாள். பதினேழு தையல். பெற்றவர்கள் கழுத்துப் படங்களோடு ஒவ்வொருவராய் உள்ளே வந்து, ஈரத்தரை என்று பார்க்காமல் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சலவைக்காரப் பெண்களும் நடுநடுவே உட்கார்ந்தார்கள்.

தெருக்கோடியில் ஜீப் சத்தம் கேட்டது. முகாம் ஜீப்தான். நீதிமன்றத்து ஆள் வந்தபாடில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கக்கா" என்றாள் அந்த அம்மா, குறியக்காவின் வெந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு. "கதவுப் பக்கம் இடைவெளி தெரியுது."