பெஞ்சில் பொறிக்க வேண்டிய பட்டப்பெயர்

1.
இந்தக் கதை பிறந்தது என் கற்பனையில் அல்ல, என் அக்கா எல்ஸ்பெத்தின் வாயில். அவள் குரல் எட்டாத படகு ஸ்காட்லாந்தின் மோரே கடற்கரையில் கிடையாது. அவள் மகன் ரோரி, அப்பாவின் மீன்பிடிப் படகை விற்றுவிட்டுத் தச்சு வேலைக்குப் போகிறேன் என்றான்.

"நம்ம வம்சத்துல கடலுக்குப் பயந்தவன் ஒருத்தன் உண்டாடா?" என்றாள்.

அதற்கு ஆதாரம் தேடும் வேலை எனக்கு வந்தது. எழுதுகிற தம்பி வீட்டில் சும்மாதானே இருக்கிறான்.

2.
"கரிய அலைகள் சீறின. அலெக்சாண்டர் ஸ்லேட்டர் கயிற்றை இடுப்பில்..." (அடித்துவிட்டேன். அலை சீறாத கடல்கதையை யாராவது எழுதினால் கும்பிடுகிறேன்.)

ஆனால் ஆள் நிஜம். உடைந்த படகிலிருந்து ஐந்து பேரைக் கரைசேர்த்துவிட்டுச் செத்தவர். எங்கள் தாத்தாவின் தாத்தா என்று நான்தான் கண்டுபிடித்தேன். அக்கா உடனே துறைமுகத்தில் அவர் பெயரில் ஒரு பெஞ்சுக்கு ஏற்பாடு செய்தாள். ரோரி தச்சுப் பேச்சை விட்டுவிட்டுப் படகேறினான்.

3.
போன வாரம், அவர் உடல் ஒதுங்கிய அடுத்த ஊருக்குப் போய், கல்லறைக் கல்லின் பாசியைச் சுரண்டிப் படித்தேன். வயது பத்தொன்பது. மணமாகாதவர். பிறகு எங்கள் தாத்தாவின் தாத்தா ஆனது எப்படி?

(வாசகரே, உங்கள் புத்தி போகிற இடம் தெரிகிறது. அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் தேவாலயத்தில் சபை நடுவே நிறுத்தி மானத்தை வாங்குவார்கள். அப்படி ஒன்று நடந்திருந்தால் ஊர் இன்றுவரை அதைப் பேசிக்கொண்டிருக்கும்.)

எங்களவர்கள் மூத்த மகனுக்குத் தங்கள் அப்பாவின் பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பி இருவர் அப்படியே வைத்ததால் ஒரே தெருவில் இரண்டு அலெக்சாண்டர் ஸ்லேட்டர்கள். ஊர் அவர்களைப் பட்டப்பெயரால் பிரித்தது. வீரர் 'இரும்பு'. வீரரின் தம்பி வழியில் வந்த ஜீன் என்பவளைப் போய்க் கேட்டேன்.

"உங்க ஆளு 'வாந்தி'ல்ல?* ஊருக்கே தெரியுமே. எங்க ஆளுக்கு நீங்க பெஞ்சு போடுறீங்கன்னதும், பரவால்லையே, பெரிய மனசுன்னு நெனச்சோம்."

* படகில் கால் வைத்த உடனே. ஆகவே கரையிலேயே மீன்பீப்பாய் செய்து, எட்டுப் பிள்ளை பெற்று, கிழவராகிக் கட்டிலில் செத்தார்.

4.
முடிவுகள்:

(அ) சொல்கிறேன். அக்கா என்னைக் கடலில் தள்ளுகிறாள்.

(ஆ) சொல்லவில்லை. பெஞ்சு திறக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், ரோரி குளிர்காலக் கடலுக்குப் போய்...

[இதை முடிக்க மாட்டேன். அவன் அப்பாவையே அந்தக் கடல் இன்னும் திருப்பித் தரவில்லை.]

(இ) இது இப்போது நடக்கிறது. பெஞ்சுக்குப் பித்தளைத் தகடு பொறிப்பவர் போனில் கேட்கிறார்: "அலெக்சாண்டர் ஸ்லேட்டர்னு ரெண்டு பேர் இருந்தாங்களாமேண்ணே. பட்டப்பேரையும் போட்டுடறேன். எதுன்னு சொல்லுங்க."

எதிரே அக்கா புகைமீன் சூப்பை ஊற்றுகிறாள். ரோரி பூட்ஸ் மாட்டுகிறான். சூப்பைத் தொடவில்லை, படகேறும் நாளில் அவன் வயிற்றில் எதுவும் நிற்பதில்லை.

ஒரே ஒரு சொல்தான். வாசகரே, போனை வாங்கி நீங்களே சொல்லிவிடுங்கள். எங்கள் வம்சம்தான் உங்களுக்குத் தெரியுமே, எனக்கு அக்காவிடம் பயம்.