எடிட்டருக்குள் இருந்த கதவு

கம்பாலாவில் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விடுகிறவன்கூட மேசை மேசையாக நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போவான். வேலையை விட்டுப் போகிற செபுலிபாவும் அன்று மத்தியானம் அப்படித்தான் நின்றான். நகிட்டோவின் மேசையை மட்டும் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனான்.

அவன் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்று புகார் கொடுத்தவள் அவள்தான். அவர்கள் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியின் கணினி சர்வர் அவள் பொறுப்பு.

"அவன் விசாரிக்காட்டி உனக்குச் சோறு எறங்காதா?" என்றான் பக்கத்து இருக்கை கியாகா. சப்பாத்தியில் சுருட்டிய முட்டை அவன் வாய் நிறைய இருந்தது.

நகிட்டோ கணினிப் பக்கம் திரும்பினாள். செபுலிபாவின் கணக்கை மூட உட்கார்ந்தவள், தான் கொடுத்திருந்த அனுமதியைப் பார்த்ததும் விறைத்துப்போனாள். வரவேற்பறைத் திரையில் ஓடும் அறிவிப்பை அவன் திருத்த வேண்டும். அந்தக் கோப்பைத் தொட முழு அதிகாரம் தேவை. ஒரே ஒரு கோப்புதானே என்று கோப்பைத் திருத்தும் எடிட்டர் மென்பொருளையே முழு அதிகாரத்தோடு அவனுக்குத் திறந்து விட்டிருந்தாள். அந்தப் பாழாய்ப்போன எடிட்டருக்குள் ஒரு கதவு உண்டு. உள்ளே இருந்தபடியே சர்வரை எதையும் செய்யச் சொல்லும் கட்டளைத் திரைக்குப் போய்விடலாம். போகிறவனோடு அந்த அதிகாரமும் கூடவே போகும். படிக்கிறபோதே தெரிந்துகொண்ட விஷயம்தான். மறந்து தொலைத்துவிட்டாள்.

சர்வரின் பதிவுகளைப் பார்த்தாள். நேற்று காலையில் எடிட்டரைத் திறந்தவன் சாயங்காலம்தான் மூடியிருக்கிறான். இரண்டு வரி அறிவிப்புக்கு ஒரு பகலா?

போன் போட்டாள்.

"நல்லாருக்கீங்களா அக்கா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" நிதானமாக, ஒவ்வொருவராக விசாரித்தான் செபுலிபா.

"நேத்து உள்ள என்னடா பண்ணினே?"

"அறிவிப்பைத் திருத்தினேன். நீங்க குடுத்தது அவ்வளவுதானே?" சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அனுமதியை மாற்றி எழுதினாள். இனி யார் திருத்தினாலும் எடிட்டர் அவரவர் அதிகாரத்தில்தான் ஓடும், கோப்பின் நகலைத்தான் திறக்கும், முடிந்ததும் அது அசலில் சேரும். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

"அதான் அடைச்சிட்டியே. சோதிச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தானே காட்டுது?" என்றான் கியாகா.

"சரின்னு காட்டுற கட்டளையையே அவன் மாத்தி வச்சிருந்தா?"

கியாகா மெல்லுவதை நிறுத்தினான். தாய்மார்களின் ரத்த வகையெல்லாம் அந்த சர்வரில்தான் இருந்தது.

"வாயைத் திறக்காதே. உன் வேலை போயிடும். அவன் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டான்."

"பண்ணாமலும் இருக்கலாம்தான்," என்றாள். ஆப்பரேஷன் தியேட்டரைக் கூப்பிட்டாள்.

"நகிட்டோ பேசறேன், சிஸ்டர். திரையில காட்டுற ரத்த வகையை நம்பாதீங்க. மறுபடியும் சோதிச்சிட்டு ஏத்துங்க. தப்பு என்னோடது."

நர்ஸ் பதறினாள்.

"அவசரம்னு திரையைப் பாத்துத்தான் ரத்தப் பையை எடுத்தோம். இப்பத்தான் ஒருத்திக்கு ஏத்த ஆரம்பிச்சோம்..."

"நிறுத்துங்க!" அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் நகிட்டோ.

மறுமுனையில் ரிசீவர் எங்கேயோ மோதியது. செருப்புகள் ஓடும் சத்தம் கேட்டது. நகிட்டோ நாற்காலியைத் தள்ளிவிட்டு தியேட்டரை நோக்கி ஓடினாள்.