இரத்தத்தின் மிச்சம்

வின்சன்ற்றின் தலையில் முதல் வட்டம் விழுந்ததைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி பேர்ளிதான். பிடரியில், ஒரு பிராங் நாணயமளவு இடம் வழுவழுவென்று கிடந்தது. பிறகு காதுக்கு மேலே இன்னொன்று. பிறகு தலையணை உறையில் கொத்துக்கொத்தாக. பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் எதைத்தான் ஒளித்துவைக்க முடியும்?

"இது புழுவெட்டு," என்றாள் பேர்ளி. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தாள். பாரிஸ் தண்ணீரைத் திட்டித் தீர்த்தாள். லா ஷப்பேல் தமிழருக்குத் தலைமுடி கொட்டினாலும் பருப்பு வேகாவிட்டாலும் குற்றம் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்மேல்தான். வின்சன்ற் மறுபேச்சில்லாமல் தலையைக் குனிந்து கொடுத்தான். காரணம் தண்ணீர் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அந்த எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதத்தில், அவன் கோப்பை கழுவும் உணவகத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பேர்ளியின் தம்பி கிறிஸ்தோப்பர், யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் ஷெல் விழுந்து செத்துப்போனான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. பேர்ளிதான் தூக்கி வளர்த்தவள். அவள் பாரிசுக்கு வந்த பிறகு வின்சன்ற்றின் தாயோடு ஒரே வீட்டில் இருந்தான். கிழவி குளிக்கவென்று கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவன்மேல் விழுந்ததாம். கிழவி தப்பிவிட்டாள்.

பேர்ளி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முந்தின வருடம் ஒன்று வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தது. அந்த நிலையில் இருப்பவளுக்கு இழவு சொல்லக்கூடாது என்பது யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத சங்கதி. பிள்ளை பிறக்கும்வரை யாரும் மூச்சுவிடுவதில்லை என்று முடிவாயிற்று. அடுத்த வீட்டில் என்ன கறி என்பதைக்கூட அன்று மாலைக்குள் புறநகர் செவ்ரான்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற சனம், இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்துப் பூட்டியது. பேர்ளி கடைக்குள் நுழைந்தால் பேச்சு கத்தரிக்காய்க்கு மாறிவிடும். எங்கள் சனத்தைக் குறை சொல்லுகிறவர்கள் இதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் சனம் தன் தன் வீட்டுக்குப் போய்விடும். வின்சன்ற் அல்லவா அவளோடு இருக்கவேண்டும்? "தம்பி இப்ப மீசை வைச்சிருப்பானே?" என்று கேட்பாள். வைத்திருப்பான் என்பான். ஏன் கடிதமே இல்லை என்பாள். தபால் ஓடவில்லை என்பான். அவன் பாரிசுக்கு வந்தால் எங்கே படுப்பது என்று அவள் அறையை அளக்கும்போது, கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்து நகர்த்தியும் கொடுத்தான். அவனுக்கும் கிறிஸ்தோப்பர் வெறும் மச்சான் இல்லை. பந்தடிக்கிற காலத்திலிருந்தே பின்னால் திரிந்த பெடியன். அவனுக்காக அழ ஓர் இடம் கிடைக்கவில்லை. அறையில் அவள், உணவகத்தில் முதலாளி, மெத்ரோவில் ஊர் பேர் தெரியாத சனம்.

ஆஸ்பத்திரிக்கு, பேர்ளியை வீட்டில் விட்டுவிட்டுப் போனான்; உணவகத்தில் பரிமாறும் புதுச்சேரி அந்துவான் கூடவந்து மொழிபெயர்த்தான். இளம் பெண் டாக்டர் பொறுமையாகவே சொன்னாள். வேர் சாகவில்லை. உடம்பைக் காக்கவேண்டிய அணுக்கள் சொந்த முடியையே எதிரியென்று நினைத்துத் தாக்குகின்றன. ஏன் என்று முழுதாகத் தெரியாது. சிலருக்குப் பரம்பரை, சிலருக்கு ஏதாவது அதிர்ச்சிக்குப் பின் வருகிறது என்கிறார்கள், அதுவும் நிச்சயமில்லை. "அப்படி ஏதாச்சும் நடந்துச்சான்னு கேக்கறாங்க," என்றான் அந்துவான்.

"ஒண்டுமில்லையெண்டு சொல்லு."

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தாள். வட்டங்கள் களிம்பை மதிக்கவில்லை.

அப்போதுதான் ஜிஸ்லேன் அம்மா குறுக்கே வந்தாள். புதுச்சேரிக் குடும்பம், பிறந்தது சைகோனில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் சின்னதாக ஒரு மளிகைக் கடை. "அலோர், இந்த ஊரு டாக்டருங்க முடிய மட்டும்தான் பாப்பாங்க. சைகோன்ல எங்க அப்பாருக்கும் இப்படித்தான் ஆச்சு. திங்கக்கிழமை நம்ம கடைக்குக் காளான் கொண்டுட்டு வர்ற முசியே லுவாங் சீன வைத்தியம் தெரிஞ்சவரு. கையப் புடிச்சாலே போதும், சொல்லிடுவாரு," என்று பேர்ளியிடம் சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்துச் சனத்தின் ரகசியம் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. எட்டியிருந்தால் தடுத்திருப்பாள்.

வின்சன்ற் சாக்குச் சொல்லிப் பார்த்தான். பேர்ளி விடவில்லை. உணவகக் குசினி ஏவல்களுக்கு மேல் அவனுக்குப் பிரெஞ்சு வராது. அவளோ ஒரு பிரெஞ்சு வீட்டில் பிள்ளை பார்த்துப் பாஷையைப் பிடித்தவள். ஆகவே நானே கூடவந்து சொல்லுவேன் என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, முசியே லுவாங் ஒரு முக்காலியில் இருந்தார். சைகோனை ஒட்டிய சோலோனிலிருந்து வந்த சீனர், எழுபதுக்கு மேலிருக்கும். நாக்கை நீட்டச் சொன்னார். வின்சன்ற்றின் மணிக்கட்டைத் துணிச்சுருளின்மேல் வைத்து மூன்று விரல்களால் அழுத்தினார்.

"நித்திரை கொள்ளுறவரோ எண்டு கேட்டவர். இல்லையெண்டு நானே சொல்லிப்போட்டன்," என்றாள் பேர்ளி. பிறகு கிழவர் சொல்லச் சொல்ல உற்சாகமாகத் தமிழில் தந்தாள். "தலைமயிர் இரத்தத்தின்ர மிச்சமாம். உடம்புக்கே இரத்தம் காணாட்டி மிச்சம் எங்கையிருந்து வாறது எண்டு கேக்கிறார். நல்ல கதை, என்ன? பயம் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். துக்கம் சுவாசப்பையைக் கெடுக்குமாம். உங்களுக்கு ரெண்டும் இருக்காம்."

கிழவர் விரலை எடுக்காமல் இன்னுமொரு கேள்வி கேட்டார்.

"ஆர் செத்தது எண்டு கேக்கிறார்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

ஒருத்தருமில்லை என்று சொல்லவேண்டியதுதான். எத்தனை பொய் சொன்ன வாய். ஆனால் அந்த மூன்று விரல்கள் நாடியின்மேல் கிடந்தன. பொய் சொன்னால் இரத்தமே துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி டாக்டரின் கேள்விக்கு அசையாதவன் ஒரு கிழவரின் விரலுக்குப் பயந்தான். கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

பேர்ளியின் சிரிப்பு மெல்ல நின்றது. "இஞ்சாருங்கோ… ஆர்?"

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். அவள் அவன் தலையைப் பார்த்தாள், அந்த வட்டங்களை ஒவ்வொன்றாக. பிறகு குரல் இறங்கிக் கேட்டாள். "மாமியே?"

அவன் தாய் பாஷையூரில் உயிரோடு இருந்தாள். அந்த நேரம் அடுப்படியில் குந்தியிருந்திருப்பாள். வயிற்றிலிருந்த பிள்ளைக்காக வின்சன்ற் தன் தாயைக் கொன்றான்.

"ஓம்," என்றான்.

பேர்ளி வயிற்றில் கை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணீர் வந்தது, ஆனால் அது வயதான ஒரு மனுஷிக்கு வருகிற கண்ணீர், தாங்கக்கூடியது. "எனக்காகவே மறைச்சனீங்கள்? இவ்வளவு நாளும் தனியவே வைச்சிருந்தனீங்கள்?" என்று அவன் தலையை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். கிழவர் கையை விட்டுவிட்டு எழுந்து கடைப்பக்கம் போனார்.

வின்சன்ற் அழுதான். மாசி மாதத்திலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. கிறிஸ்தோப்பருக்காகத்தான் அழுதான், வாய் நிறைய "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டு. வேறு பெயர் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. இனி ரூ பெர்தொனே முழுவதும் இந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்கவேண்டும் என்பது அப்போது அவன் நினைவிலேயே இல்லை.

"மாமிக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கவேணும்," என்றாள் பேர்ளி, அவன் தலையைத் தடவியபடி. "நாங்கள் போகேலாமல் போச்செண்டு அழாதேங்கோ. தம்பி நிண்டிருப்பான்தானே. உங்கட இடத்திலை நிண்டு அவன் மண் போட்டிருப்பான். என்ன, போட்டவன்தானே?"

பாஷையூர்ச் சேமக்காலையில், கிறிஸ்தோப்பரின் புதைகுழியில் மண் போட்டவள் வின்சன்ற்றின் தாய். பெடியனுக்கு வேறு ஆளில்லையென்று, ஷெல்லடி ஓய்ந்த இடைவெளியில், மடங்காத முழங்காலை மடக்கிக் குனிந்து முதல் பிடி மண்ணைப் போட்டது அவள்தான் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.

"ஓம்," என்றான் வின்சன்ற். "அவன்தான் போட்டவன்."