எட்டுப் பூஜ்யங்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘புழுக்கா’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆறு வருஷமாக எலிக்குடலை நீளவாக்கில் பிளந்து, தண்ணீர்த் தட்டில் விரித்து, நுண்ணோக்கியின் கீழ் சாட்டைப்புழுக்களை எண்ணுவதே அவள் வேலை. சாட்டைப்புழுவின் தலைப்பக்கம் மயிரிழை மாதிரி. குடல்சுவரில் தையல் போட்டதுபோல் நுழைந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, ஒன்று இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் தடித்த வால்பக்கத்தை மட்டுமே எண்ணுவாள்.

குடல் வருகிற குழாய்களில் வெறும் எண்தான் இருக்கும். எது எந்த எலியுடையது என்ற பட்டியலை ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய சார் ஒட்டிய உறையில் வைத்திருப்பார். எண்ணி முடித்த பிறகுதான் உறை பிரியும். தெரிந்து எண்ணினால் கண் பொய் சொல்லும் என்று அவரே வைத்த சட்டம்.

இந்த முறை பதினாறு எலிகள். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் மூலக்கூறுகளுக்கு சைட்டோகைன் என்று பெயர். புழுவைத் துரத்தச் சொல்லிக் குடலுக்கு உத்தரவு கொண்டுபோகிற அப்படி ஒரு சைட்டோகைன் இந்த எலிகளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால் புழு முட்டை கொடுத்த முப்பத்தைந்தாம் நாள் பதினாறு குடலிலும் புழு மொய்க்க வேண்டும். மொய்த்தது எட்டில்தான். மீதி எட்டில் மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை.

உறையைப் பிரித்தார்கள். பூஜ்யம் எட்டும் பெண் எலிகள்.

பெரிய சார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். “பெண் எலியை யார் சேர்த்தது?”

“ஆண் எலி பத்தலன்னு எலிமாமா குடுத்தாரு சார். உங்ககிட்ட கேட்டுத்தான் எடுத்தோம்.” எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவருக்கு எலிமாமா என்று பெயர்.

“அதுங்களுக்குப் புழு முட்டை குடுக்க மறந்திருப்பே.”

“பதினாலாம் நாள் அதே கூண்டுலேர்ந்து உபரியா இருந்த ரெண்டு எலிய அறுத்துப் பாத்தேன் சார். ஒண்ணுல எண்பத்தேழு புழு, இன்னொண்ணுல தொண்ணூத்திரண்டு. பதிவேட்டுல இருக்கு. புழு வந்துச்சு. அப்புறம் வெளிய தள்ளிடுச்சுங்க.”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு முறை புரட்டினார். குரல் இறங்கிற்று.

“சரிம்மா, இருக்கட்டும். பெண் எலின்னாலே குழப்பம். ஆண் எலி எட்டை மட்டும் போட்டுக் கட்டுரைய அனுப்பிடுவோம். அந்த சைட்டோகைன் இல்லேன்னா எதிர்ப்பு இல்ல. பளிச்சுன்னு ஒரே வரி. இந்தா, எட்டு எலின்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள் கிடந்தது. அவளுடைய வேலை ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விரல் மட்டும் அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது.

புழுக்காவுக்குக் காது சூடாயிற்று. ஒரு செய்தி போகாவிட்டால் வேறொரு செய்தியை அனுப்பித் தன் குடலைத் தானே காப்பாற்றிக்கொண்ட எட்டு உயிர்கள். அவை குழப்பமாம்.

“பதினாறு எலிய எண்ணினேன் சார். பதினாறுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“யோசிச்சுப் பேசு.”

“யோசிக்க என்ன சார் இருக்கு? அந்தச் சைட்டோகைன் இல்லாமலே ஜெயிச்சிருக்குங்க. எப்படின்னு கேக்கறத விட்டுட்டு, ஏன் ஜெயிச்சேன்னு வெளிய தள்ளறீங்க.”

“பாடம் நடத்தறியா எனக்கு?”

“இல்ல சார். புழு எண்ணறேன்.”

பேனாவை எடுத்துப் பதினாறு வரியையும் எழுதினாள். பூஜ்யங்களை மற்ற எண்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். கையெழுத்திட்டுப் பிரதி எடுத்து, கட்டுரையில் பெயர் உள்ள நான்கு பேருக்கும் அங்கே நின்றபடியே அனுப்பினாள். பெரிய சார் ஒப்பந்தத் தாளை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

நேராக எலிக்கூடத்துக்குப் போனாள். எலிமாமா கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“மாமா, அதே இனத்துல பெண் எலி இருபது வேணும்.”

“மேல சார்கிட்ட இடி விழுந்துச்சா? உனக்கு இன்னும் எத்தனை நாளும்மா இருக்கு?”

“இருபத்து மூணு.”

“புழு கணக்குக்கு முப்பத்தஞ்சு ஆகுமே! கணக்குல புலி நீ, இதுல கோட்டை விட்டியா?”

“விடல. நான் இல்லேன்னா நீங்க எண்ணுங்க.”

“ஐயோ, எனக்குப் புழுன்னாலே குமட்டும்.”

“மூக்கைப் பொத்திக்கிட்டு எண்ணுங்க. எப்படி எண்ணறதுன்னு எழுதி வெச்சிட்டுப் போறேன்.”

எலிமாமா முணுமுணுத்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டுக் கூண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, புழு முட்டை கலந்த நீரை ஊசிக்குழலில் அளந்து ஏற்றினாள். முதல் எலியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினாள். அது திமிறித் திரும்பி, கையுறையோடு சேர்த்து அவள் விரலைக் கடித்தது.

“கடி, கடி” என்றாள் புழுக்கா. பிடியை விடவில்லை.